எசுர்: ஒரு வேதத்தின் பெயரும் பழவேற்காட்டு உச்சரிப்பும்

1760ஆம் ஆண்டு வோல்தேரின் கைக்கு இந்தியாவிலிருந்து ஒரு கையெழுத்துப்படி போய்ச் சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவர் மொதாவ் என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரி. பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்த அந்தப் படியின் தலைப்பு ‘எசூர் வேதாம்’. பிராமணர்கள் யாருக்கும் காட்டாமல் பொத்திவைத்திருந்த வேதத்தோடு சேர்ந்த நூல், அதன் மொழிபெயர்ப்பு என்று சொல்லப்பட்டது. வோல்தேருக்குத் தலைகால் புரியவில்லை. மறு ஆண்டே அதைப் பாரிசில் அரசர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டு, அலெக்சாந்தர் இந்தியாவுக்கு வருவதற்கு முந்தியே எழுந்த நூல் இது என்று எழுதத் தொடங்கினார். அவருக்கு வேண்டியிருந்தது கிறிஸ்தவ வேதத்தின் தலையில் தட்ட ஒரு கோல். பைபிளைவிடப் பழைய நாட்டில், பைபிளைவிடப் பழைய நூலில், ஒரே கடவுளைப் பற்றிய தூய போதனை இருக்கிறதே, அப்புறம் உங்கள் நூலுக்கு மட்டும் என்ன தெய்வத் தனியுரிமை என்று கேட்டார்.

கோல் யாருடையது என்பது பிறகு தெரியவந்தது. 1778இல் செந்த்-குருவா அந்த நூலை இரண்டு தொகுதிகளாக இவெர்தோனில் அச்சிட்டார். நான்கே ஆண்டில், 1782இல், இந்தியாவில் அலைந்து திரும்பிய சொன்னெரா தம் பயண நூலில் போட்டு உடைத்தார்: இது நான்கு வேதங்களில் எதுவும் கிடையாது, மசூலிப்பட்டினத்தில் ஒரு பாதிரியார் எழுதியது. எந்த மதகுருமாரை எதிர்க்க வோல்தேர் அந்த நூலைத் தூக்கிப் பிடித்தாரோ, அந்தக் கூட்டத்திலேயே ஒருவர் இந்துக்களை மாற்றுவதற்காகச் செய்த நூல் அது. இரண்டு பக்கமும் ஏமாந்த இப்படி ஒரு வழக்கு சமய வரலாற்றில் அபூர்வம்.

கதை பல இடங்களில் சொல்லப்பட்டதுதான். என் அக்கறை தலைப்பின் மேல். ‘எசூர்’ என்றால் என்ன? இந்தச் சொல் எங்கே பிறந்தது?

தமிழ்க் காதில் இது முதலில் ‘ஏசு’ என்றுதான் விழும். பாதிரியார் செய்த வேதம், அதற்கு ‘ஏசு’ என்று ஒலிக்கும் பெயர். திருடன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதுபோல இருக்கிறது என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் சிரிப்பு வரும் இடத்தில்தான் சொல்லாராய்ச்சிக்காரன் நிற்க வேண்டும். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக வேர்ச்சொல் முடிவு செய்வது நம் ஊரில் ஒரு தொற்றுநோய்.

‘ஏசு’ இல்லை என்பதற்குச் சாட்சி பழவேற்காட்டில் இருக்கிறது. வோல்தேருக்கும் நூறு ஆண்டு முந்திய சாட்சி.

போர்த்துகீசியர் விட்டுப்போன இடத்தில் ஒல்லாந்தர் வந்து உட்கார்ந்து, 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகத்துக்கு 1690 வரை அதுவே தலைமையிடம். கோட்டை இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. அதன் பெயரை மட்டும் பக்கத்து மீனவர் ஊரான கோட்டைக்குப்பம் சுமந்துகொண்டிருக்கிறது. அந்தக் கோட்டைக்கு 1632இல் ஆபிரகாம் ரொகேரியுஸ் என்ற பாதிரியார் வந்தார். பத்து ஆண்டு இருந்தார். கோட்டையில் இருந்த ஒல்லாந்தருக்குப் பிரசங்கம் செய்வதுதான் சம்பளம் வாங்கிய வேலை; சம்பளம் இல்லாத வேலையாகப் பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து பேசினார். இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி போர்த்துகீசியம். கடவுள் யார், படைப்பு எப்படி, கல்யாணம் எப்படி, செத்தால் என்ன சடங்கு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பர்த்ருஹரியின் மூன்று சதகங்களில் இரண்டைப் பத்மநாபன் சொல்ல, ரொகேரியுஸ் எழுதிக்கொண்டார். சமஸ்கிருத நூலொன்று ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதுவே முதல்முறை. சிருங்கார சதகத்தைப் பத்மநாபன் விட்டுவிட்டார். பாதிரியாரிடம் காதல் பாட்டுச் சொல்வானேன் என்று நினைத்தாரோ என்னவோ.

ரொகேரியுஸ் 1649இல் ஹாலந்தில் இறந்தார். புத்தகம் 1651இல் லைடனில் வெளிவந்தது. மறைந்திருக்கும் அஞ்ஞானத்துக்குத் திறந்த கதவு என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. இந்தத் தலைப்பையும் அந்தக் காலத்து மதக் கண்ணையும் தள்ளிவைத்துவிட்டுப் படித்தால், தென்னாட்டுப் பிராமணர் வாழ்க்கையைப் பற்றி 17ஆம் நூற்றாண்டில் இவ்வளவு நிதானமாக எழுதிய ஐரோப்பியர் குறைவு. அந்தப் புத்தகத்தில் வேதங்கள் நான்கு என்று சொல்லி அவற்றின் பெயர்களை ஒல்லாந்த எழுத்தில் தருகிறார். தமிழில் எழுத்துக்கூட்டினால் இப்படி வரும்: ரொக்கோவேதம், இஸ்ஸோரெவேதம், சாமவேதம், அத்தெரவானவேதம்.

இஸ்ஸோரெவேதம். ரொகேரியுஸ் கால்வினியச் சபைக்காரர், ஏசு சபையோடு ஒட்டும் உறவும் இல்லாதவர். யஜுர் வேதத்தைத்தான் இப்படி எழுதுகிறார். வோல்தேரின் ‘எசூர்’ இதே சொல்லின் இன்னொரு எழுத்துக்கூட்டல். ஆக, அந்தப் போலி நூலின் தலைப்பில் ஏசு ஒளிந்திருக்கவில்லை. யஜுர் என்ற சொல்லைச் சோழமண்டலக் கரையில் எப்படிச் சொன்னார்களோ அது இருக்கிறது.

எப்படிச் சொன்னார்கள்? தமிழுக்கு மொழிமுதல் யகரம் என்றால் தகராறு. ஆகாரத்தோடு மட்டும்தான் யகரம் சொல்லுக்கு முதலில் வரும் என்பது தொல்காப்பியர் விதி. நன்னூலார் கொஞ்சம் தளர்த்தினார். ஆனால் வாய் விதியைப் பார்த்துப் பேசுவதில்லை. யமன் என்று வந்தவன் இங்கே இயமன் ஆனான், பிறகு எமன் ஆனான். யந்திரம் இயந்திரமாகி எந்திரமானது. யஜமானன் எசமான். இதே படிக்கட்டில் இறங்கினால் யஜுர் என்பது இயசுர், எசுர். ரொகேரியுஸின் ‘இஸ்ஸோரெ’ நடுப்படியில் நிற்கிறது, பிரெஞ்சுக்காரரின் ‘எசூர்’ கீழ்ப்படியில். ‘எசுர்’ என்ற வடிவம் தமிழ் அகராதியிலேயே உண்டு என்பதைச் சொன்னால் போதும்.

மற்ற பெயர்களும் கரையின் முகவரியைச் சொல்கின்றன. வடக்கே ‘ரிக்’ என்கிறார்கள், தெற்கே ‘ருக்’. உயிராகக் கருதப்படும் அந்த ரகரத்தை வங்காளமும் இந்திப் பகுதியும் இகரம் சேர்த்துச் சொல்லும். தெலுங்கும் கன்னடமும் உகரம் சேர்த்துச் சொல்லும். ‘ரொக்கோ’ என்பதில் கேட்பது உகரத்தின் நிழல். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுத்தத் தமிழ் வாய் என்றால் முன்னால் இகரம் போட்டு ‘இருக்கு’ என்றிருக்கும். போடவில்லை. சொன்னவர் பிராமணர், ஊரோ தமிழும் தெலுங்கும் முட்டிக்கொள்ளும் எல்லை. யஜுருக்கு இகரம் வந்து, ருக்குக்கு வராமல் போனது இந்தக் கலப்பினால் இருக்கலாம், எழுதியவரின் காதினால் இருக்கலாம். எல்லாம் தமிழ் என்று நிறுவிவிட எனக்கு அவசரம் இல்லை. ‘வேதம்’ என்ற மகர ஈறு மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தென்னாட்டு ஈறு. சமஸ்கிருதத்தில் அது வேதஹ, வங்காளத்தில் பேத்.

பழவேற்காடு என்ற ஊர்ப்பெயரும் இதே காதுகளில் அடிபட்டதுதான். வேல மரங்கள் நிறைந்த பழைய காடு என்பது ஊரார் சொல்லும் பொருள். ழகரமும் றகரமும் அயலார் வாயில் நிற்காமல் பாலியகட்டா ஆகி, ஆங்கிலத்தில் புலிகாட் ஆனது. இங்கிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட கைக்குட்டைத் துணிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டு ஆங்கில அகராதிக்குள் போயிற்று. புலிக்கும் அந்த ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போது போலி நூலுக்குள் நுழைவோம். நூல் முழுக்க இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் புராணக் கதைகளையெல்லாம் நம்புகிறவர், அவர் பெயர் ‘பியாஷ்’. இன்னொருவர் அந்தக் கதைகளை ஒவ்வொன்றாக மறுத்து, ஒரே கடவுள்தான் என்று போதிக்கிறவர், அவர் ‘ஷுமொந்து’. வியாசரும் சுமந்துவும் என்பது தெரிகிறது. மரபில் சுமந்து வியாசரின் மாணவர். இங்கே மாணவன் குருவுக்குப் பாடம் எடுக்கிறான். நூலில் வரும் முதல் மனிதனின் பெயர் ‘அதிமோ’. ஆதாம் இந்தியாவிலிருந்து களவாடப்பட்டவன் என்று வோல்தேர் குதித்தது இந்தப் பெயரை வைத்துத்தான். முதல் பெண்ணின் பெயராக அவர் எழுதுவது ‘ப்ரொக்ரிதி’.

காதைத் தீட்டிக்கொண்டு இந்த நான்கு பெயர்களையும் இன்னொரு முறை படியுங்கள். வியாசரில் வகரம் பகரமாகிவிட்டது. சுமந்துவில் சகரம் ஷகரமாகிவிட்டது. ஆதிமவும் பிரகிருதியும் அகரத்தை இழந்து ஒகரம் வாங்கிக்கொண்டன. ரசகுல்லாவை ரொஷொகொல்லா என்கிறவர்களின் வாய் இது. தலைப்பு தெற்கத்திப் பேச்சு, உள்ளே பேசுகிறவர்கள் வங்காளத்துக்காரர்கள். ஆதிகாலத்து முனிவர் அருளிய நூலில் தலைப்புக்கு ஒரு கரையும் உடம்புக்கு ஒரு கரையும் இருக்குமா? பிரெஞ்சுக்காரருக்குக் கீழே புதுச்சேரியும் காரைக்காலும், மேலே சந்திரநாகூரும் இருந்தன. பாதிரிமார் இரண்டுக்கும் இடையே போய்வந்தார்கள். நூலின் பெயர்கள் அந்தக் கப்பல் பாதையைத்தான் காட்டிக்கொடுக்கின்றன என்பது என் முடிவு.

இந்த உச்சரிப்புத் துப்பை முதலில் பிடித்தவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். திருக்குறளை மொழிபெயர்த்த எல்லிஸ் துரை. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்தின் கிளைகள் இல்லை, தனிக் குடும்பம் என்று 1816இல் நிறுவியவர். சென்னையில் கலெக்டராக இருந்தபோது கிணறு வெட்டி, கல்வெட்டில் குறளையும் சேர்த்துப் பொறித்தவர். புதுச்சேரியில் பாதிரிமாரின் உடைமையாக இருந்த காகிதக் கையெழுத்துப்படிகளை அவர் பார்த்தார். எசூர் வேதத்துக்கு மட்டும் இல்லை, மற்ற மூன்று வேதங்களின் பெயரிலும் அங்கே படிகள் கிடந்தன. ஒரு பக்கம் பிரெஞ்சு, எதிரே ரோமன் எழுத்தில் சமஸ்கிருதம். ‘ஒதொர்போ பேத்’ என்று ஒரு படியின் தலைப்பு, அதர்வ வேதம். வகரம் எல்லாம் பகரம், அகரம் எல்லாம் ஒகரம். கிழக்கிந்திய வாயில் சொல்லக் கேட்டு எழுதிய சமஸ்கிருதம் இது என்று எல்லிஸ் காட்டினார். உண்மையான வேதங்கள் எப்படி இருக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். 1819இல் இராமநாதபுரத்தில் அவர் இறந்துபோனார். கட்டுரை 1822இல் கல்கத்தாவின் ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் 14ஆம் தொகுதியில் அச்சானது.

எல்லிசும் ஓர் இடத்தில் சறுக்கினார். புதுச்சேரிக் கிறிஸ்தவர்கள் சொன்னதை நம்பி, மூலத்தை எழுதியவர் தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட ராபர்ட் தெ நொபிலி என்று எழுதிவிட்டார். நொபிலி மேல் அந்தப் பழி விழக் காரணம் இருந்தது. பழவேற்காட்டில் ரொகேரியுஸ் கேட்டு எழுதிய கதை ஒன்று உண்டு: நான்காம் வேதம் தொலைந்துபோயிற்று. இந்தக் கதை அந்த நாளில் தென்னாட்டில் உலவியது. 1606இல் மதுரைக்கு வந்த நொபிலி காவி உடுத்தி, தாம் கொண்டுவந்திருப்பது தொலைந்துபோன அந்த வேதத்தின் போதனை என்று சொல்லிக்கொண்டார். காலி நாற்காலி ஒன்று கிடந்தது, உட்கார்ந்தார். ஆனால் 1656இல் மயிலாப்பூரில் இறந்த ஒருவர் இந்த நூலை எழுதியிருக்க வழியில்லை என்பது பிற்கால ஆய்வு. 1984இல் லூதோ ரோஷே இந்த நூலைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். முதலில் பிரெஞ்சிலேயே எழுதப்பட்ட 18ஆம் நூற்றாண்டு நூல் இது, சமஸ்கிருதம் பிறகு முயன்று பார்த்த மொழிபெயர்ப்பு என்பது அவர் கொள்கை. எழுதிய கை எந்தப் பாதிரியாருடையது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு மனதாகவில்லை.

போலி பிடிபட்டது. சரி, அசலின் கதி என்ன? போலி வேதத்தை மனிதன் எழுதினான் என்று உச்சரிப்பை வைத்துப் பிடிக்க முடிகிறது என்றால், அசல் வேதத்தை மட்டும் அந்தக் கேள்வி கேட்கக் கூடாதா? வோல்தேர் பைபிளைக் கேட்டார். நம் நாட்டில் வேதத்தைக் கேட்டவர்கள் வோல்தேருக்குப் பல நூற்றாண்டு முந்தியவர்கள். சமணக் காப்பியமான நீலகேசியில் வேதவாதச் சருக்கம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. வேதம் யாராலும் செய்யப்படாதது என்று சொல்கிறவரோடு நீலகேசி வாதாடுகிறாள். சொல் இருக்கிறது என்றால் சொன்ன வாய் இல்லாமல் எப்படி என்பது அவள் வாதத்தின் முதுகெலும்பு. மணிமேகலையும் வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் உன் நூல் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு வருகிறாள். வேதவாதியும் அந்த வரிசையில் நிற்கிறார். சந்தேகம் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு நூலையும் புரட்டிப் பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேதம் கடவுள் எழுதியதா என்று மீமாம்சகரிடம் போய்க் கேட்டால், இல்லை என்பார். கடவுளும் எழுதவில்லை, மனிதனும் எழுதவில்லை. அபௌருஷேயம், ஆசிரியனே இல்லாதது. ஆசிரியன் இருந்தால்தானே அவன் தப்புச் செய்தானா, பொய் சொன்னானா என்று கேட்க முடியும்? கேள்விக்கு இடமே வைக்காமல் ஆசிரியனைத் தூக்கிவிட்டார்கள். நையாயிகர் இதை ஒப்பவில்லை. ஈசுவரன் சொன்னான், நம்பத்தக்கவன் சொன்னதால் நம்பலாம் என்றார்கள். நியாயத்தின் பக்கம் நம்பிக்கையும், மீமாம்சையின் பக்கம் பெரிய சாமர்த்தியமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. தமிழில் வேதத்துக்கு வழங்கிய பெயர்களும் மீமாம்சகர் வழியிலேயே போகின்றன: கேள்வி, மறை, எழுதாக்கிளவி. எதிலும் எழுதியவன் இல்லை. கேட்டவன் இருக்கிறான், மறைத்தவன் இருக்கிறான்.

எழுதாத ஒன்றை எப்படி நம்புவது என்பதற்குப் பழவேற்காட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஏரியில் எந்தக் குப்பத்துக்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் சுத்துவலை கட்டுவது என்பதைப் ‘பாடு’ என்கிற முறை தீர்மானிக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர்கள் தலைமுறையாக இதைக் காப்பாற்றி வருகிறார்கள். முறை தப்பி வலையை இறக்கினால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும். இந்தச் சட்டத்தை எழுதியவர் யார் என்று கேட்டால் பெரியவங்க காலத்துலேர்ந்து இப்படித்தான் என்பார்கள். அபௌருஷேயத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். பாடு சரியாக நடக்கிறதா என்பதை வலையில் விழும் இறாலும் பக்கத்துக்காரனின் சண்டையும் தினமும் சோதித்துவிடுகின்றன. வேதத்தைச் சோதிக்க அப்படி ஓர் ஏரி கிடையாது. வெளியாருக்குக் காட்டாமல் வைத்திருந்ததனால்தான் போலி ஒன்று ஐரோப்பாவை ஏமாற்றவும் முடிந்தது. மறைத்து வைப்பது புனிதத்தைக் காக்கும் என்று நினைத்தார்கள். போலி செய்கிறவனுக்குத்தான் அது உதவியது.

‘வேதம்’ என்ற சொல் அந்த ஊரில் இன்று எத்தனை பேருக்குச் சொந்தம் என்றும் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர், வேதக்கோயில் என்றால் மாதா கோயில். பழவேற்காட்டு முஸ்லிம்களின் வீட்டில் குர்ஆன் தமிழ் மொழிபெயர்ப்பைத் திறந்தால் வேதக்காரர்கள் என்று வரும். அங்கே அது யூதரையும் கிறிஸ்தவரையும் குறிக்கும். மூன்று சமயமும் தத்தம் நூலை இறைவன் தந்ததாகச் சொல்லிக்கொண்டு, அதற்கு ஒரே சொல்லைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு கிணற்றில் மூன்று தெருவும் தண்ணீர் எடுப்பதில் தப்பொன்றும் இல்லை.

என் தீர்ப்பு இவ்வளவுதான். உச்சரிப்பை வைத்து ஒரு நூலின் பிறந்த ஊரையும் கைமாறிய வழியையும் சொல்லிவிடலாம். அது இறைவன் வாக்கா என்பதைச் சொல்லாராய்ச்சி சொல்லாது, சொல்லவும் கூடாது. ஆனால் இறைவன் வாக்கு என்று ஒருவர் ஒரு நூலை நீட்டும்போது, அதில் வரும் பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. எல்லிஸ் செய்தது அதைத்தான். வோல்தேர் செய்யாமல் விட்டதும் அதைத்தான்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தை, வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய அந்தக் கல் வளைவோடு, இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. பத்மநாபன் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு 1651ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பாதுகாப்பது அகராதிக்காரர்களின் வேலை. தமிழ் வரலாற்று அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ‘எசுர்’ என்ற பதிவின் கீழே ரொகேரியுஸின் ‘இஸ்ஸோரெவேதம்’ என்ற வடிவத்தையும், 1651 என்ற ஆண்டையும், பழவேற்காடு என்ற ஊரையும் சேர்த்து அச்சிடுங்கள்.